பாலக்கோட்டுப் பொண்ணுக்கு எக்ஸ்ரே டெக்னீஷியன் படிப்பு: ஒரு வருஷ டிப்ளமோ செல்லுமா?

மாரண்டஹள்ளி_மாமன்:

வணக்கம்ங்க. ஒரு விஷயத்துல தலையும் புரியல வாலும் புரியல, தெரிஞ்சவங்க கொஞ்சம் சொல்லுங்க. அக்கா பொண்ணு இந்த வருஷம் பிளஸ் டூ முடிச்சிட்டா, பாலக்கோடு பக்கம் கவர்மென்ட் ஸ்கூல், பயாலஜி குரூப்பு, மார்க் 600க்கு 480 கிட்ட வரும். நீட் எழுதல, நர்சிங் வேணாங்கறா, எக்ஸ்ரே ஸ்கேன் எடுக்கற படிப்புதான் படிப்பேன்னு ஒத்தக் கால்ல நிக்கறா. மச்சானுக்கு தக்காளி வெவசாயம், பாலக்கோடு மார்க்கெட்ல விலை இருந்தா கையில காசு, விலை இல்லன்னா பறிக்கற கூலி கூட வராது, அதனால பீஸையும் பாத்துதான் முடிவு பண்ணணும்.

தர்மபுரி டவுன்ல ஒரு இன்ஸ்டிடியூட்டுக்குப் போய் விசாரிச்சோம். கம்யூனிட்டி காலேஜ்னு போர்டு மாட்டியிருக்காங்க. ஒரு வருஷ டிப்ளமோவாம், 6 மாசம் கிளாஸ், 6 மாசம் ஆஸ்பத்திரி ட்ரெய்னிங், மொத்தம் 65,000 ரூபா, முடிச்ச கையோட வேலை நாங்களே வாங்கித் தர்றோம்ங்கறாங்க. ரெண்டு சீட்டுதான் பாக்கி இருக்கு நாளைக்கே 10,000 கட்டிடுங்கன்னு ஒரே அவசரம். வீட்டுக்கு வந்து நெட்ல தேடுனா அமெரிக்காலயும் கம்யூனிட்டி காலேஜ்ல ரெண்டு வருஷம் படிச்சிட்டு இதே வேலைக்குப் போறாங்கன்னு வருது, அப்போ இதுவும் அந்த மாதிரி தானே, ஒரு வருஷம் கம்மி அவ்ளோதானேன்னு மச்சான் கேக்கறாரு. எனக்கு பதில் சொல்லத் தெரியல.

இன்னொன்னு, எங்க அம்மா ஒரே புலம்பல். அந்த மிஷின் பக்கத்துல நின்னா ஒடம்பு கெட்டுரும், நாளைக்கு கல்யாணம் பண்ணா கொழந்த தங்காது, பொட்டப் புள்ளய அங்க தள்ளாதீங்கன்னு அழுவுது. இதுல எவ்ளோ உண்மைன்னும் சொல்லுங்க.

டார்க்ரூம்_காலத்து_ஆளு:

தம்பி, அட்வான்ஸ் இன்னும் கட்டலையே? கட்டலன்னா கட்டாதீங்க, ரெண்டு சீட்டு பாக்கின்னு வருஷா வருஷம் ஆகஸ்ட் வரைக்கும் சொல்லுவாங்க.

நான் கவர்மென்ட் ஆஸ்பத்திரியில ரேடியோகிராஃபர், ரிட்டையர்மென்ட் கிட்ட வந்தாச்சு. ஃபிலிம டெவலப்பர்ல முக்கி ஃபிக்சர்ல முக்கி கிளிப்புல தொங்க விட்டு காயவெச்ச காலத்துல இருந்து இப்ப பட்டன தட்டுனா கம்ப்யூட்டர்ல படம் வர்ற காலம் வரைக்கும் பாத்துட்டேன். இந்த ஒரு வருஷ டிப்ளமோ பசங்க பல பேரு ட்ரெய்னிங்குன்னு வருவாங்க, பாவமா இருக்கும், வார்டுல இருந்து வீல்சேர் தள்ளிட்டு வர்றது, ரிப்போர்ட் கவர்ல பேரு எழுதறது, இதுலயே காலம் ஓடிரும்.

நம்ம ஸ்டேட்ல ஒழுங்கான வழி ரெண்டு. ஒண்ணு பி.எஸ்சி ரேடியோகிராஃபி அண்ட் இமேஜிங் டெக்னாலஜி, 3 வருஷம் படிப்பு 1 வருஷம் இன்டர்ன்ஷிப், எம்.ஜி.ஆர் மெடிக்கல் யுனிவர்சிட்டி டிகிரி. இன்னொண்ணு கவர்மென்ட் மெடிக்கல் காலேஜ்கள்ல நடக்கற 2 வருஷ டிப்ளமோ, ரேடியோ டயக்னோசிஸ் டெக்னாலஜின்னு பேரு. ரெண்டுக்கும் நீட் வேணாம், பிசிக்ஸ் கெமிஸ்ட்ரி பயாலஜி பிளஸ் டூ மார்க்க வெச்சு ரேங்க் போடுவாங்க. ரெண்டுக்கும் தனித்தனியா நோட்டிஃபிகேஷன் வரும், கீழ்ப்பாக்கத்துல இருக்கற செலக்‌ஷன் கமிட்டிதான் விடுவாங்க, ஆன்லைன்ல அப்ளை பண்ணணும். பி.எஸ்சி லிஸ்ட்ல பேரு வரலன்னு அழுதுட்டு உக்காந்து டிப்ளமோ அப்ளிகேஷன் தேதிய கோட்டை விடற ஆளுங்க நெறய பேரு, அத மட்டும் பாத்துக்கோங்க. எந்த காலேஜ்ல எது எத்தன சீட்டுன்னு அந்த வருஷத்து ப்ராஸ்பெக்டஸ்ல போட்டிருப்பாங்க. நம்ம தர்மபுரி மெடிக்கல் காலேஜ் 2008ல இருந்து ஓடுது, கிருஷ்ணகிரிக்கு போலுப்பள்ளியில 2022 ஜனவரியில தொறந்தாங்க, சேலம் மோகன் குமாரமங்கலம் மெடிக்கல் காலேஜும் பக்கத்துலயே இருக்கு, ஆனா பக்கத்து ஊருலதான் வேணும்னு ஒத்த காலேஜ மட்டும் சாய்ஸ் குடுக்காதீங்க.

ஒரு வருஷ கோர்ஸே பொய்யின்னு சொல்ல வரல. கவர்மென்ட் காலேஜ்லயே ஒரு வருஷ சர்டிஃபிகேட் கோர்ஸ் இருக்கு, ஈசிஜி, ஆபரேஷன் தியேட்டர் டெக்னீஷியன், அனஸ்தீஷியா, டயாலிசிஸ்னு. அதெல்லாம் அந்தந்த வேலைக்கு நல்ல படிப்பு. எக்ஸ்ரேக்கு அது கெடையாது.

சட்டமும் இப்ப மாறிப்போச்சு. 2021ல மத்திய அரசு துணை மருத்துவப் படிப்புக்குன்னே ஒரு சட்டம் கொண்டாந்துட்டாங்க. அதுல டெக்னீஷியன் டெக்னாலஜிஸ்ட்னு பேரு போட்டுக்கணும்னா படிப்பு 2,000 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது, அதுவும் 2 வருஷத்துல இருந்து 4 வருஷத்துக்குள்ள பரவி இருக்கணும்னு இருக்கு. ஒரு வருஷ டிப்ளமோ இதுல எங்க உக்காரும்னு அந்த இன்ஸ்டிடியூட்காரன்கிட்டயே கேளுங்க. நாளைக்கு எம்.ஆர்.பி (கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்கு ஆள் எடுக்கற போர்டு) ரேடியோகிராஃபர் போஸ்ட்டுக்கு ஆள் எடுக்கறப்ப சர்டிஃபிகேட் வெரிஃபிகேஷன்ல நிக்க வெச்சு திருப்பி அனுப்புவாங்க. தனியார் ஆஸ்பத்திரின்னாலும் எக்ஸ்ரே மிஷினுக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துல லைசென்ஸ் வாங்கணும், இலோரான்னு ஆன்லைன் சிஸ்டம், அதுல ஆப்பரேட்டரோட தகுதியும் கேப்பாங்க. ஆளு தகுதி இல்லன்னா சம்பளத்த அமுக்கி வெச்சு, ரிக்கார்டுல வேற யாரு பேரையோ காட்டி ஓட்டுற எடமும் இருக்கு. அப்படி ஒரு எடத்துல அந்தப் பொண்ணு ஏன் நிக்கணும்.

வேலைய பத்தி ஒண்ணு சொல்றேன், இத எந்த ப்ராஸ்பெக்டஸ்லயும் போட மாட்டாங்க. நம்ம மாவட்டத்துக்குன்னு சில கேஸ் இருக்கு. தொப்பூர் கணவாயில லாரி கவுந்தா ஒரே நேரத்துல ஏழெட்டு பேர ஸ்ட்ரெச்சர்ல கொண்டாந்து எக்ஸ்ரே ரூம் வாசல்ல போடுவாங்க, கழுத்து எலும்பு என்ன நெலமையில இருக்குன்னு தெரியாம தலைய இப்படி திருப்புங்கன்னு சொல்லவே கூடாது, ஆள அசைக்காம கதிர் வர்ற ட்யூப திருப்பி படம் எடுக்கத் தெரியணும். அப்புறம் போர் தண்ணியில இருக்கற ஃப்ளோரைடு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013ல வந்துச்சு, அதுக்கு முன்னாடி காலம் பூரா போர் தண்ணி குடிச்ச பெரியவங்க இடுப்பு வலி, குனிய முடியலன்னு வருவாங்க. முதுகெலும்பு படம் எடுத்தா சுண்ணாம்பு அடிச்ச மாதிரி வெள்ள வெளேர்னு இருக்கும், முன்னங்கைய எடுத்தா ரெண்டு எலும்புக்கு நடுவுல இருக்கற சவ்வு கூட சுண்ணாம்பு ஏறி கோடா தெரியும். வழக்கமா குடுக்கற எக்ஸ்போஷர் அங்க பத்தாது, கேவி, அதாவது மிஷினோட வோல்ட்டேஜ ஏத்தணும், எவ்ளோ ஏத்தணும்ங்கறத கையாலதான் கத்துக்கணும். கையில அந்தப் பழக்கம் வரணும்னா மிஷின் முன்னாடி மாசக்கணக்குல நிக்கணும், அந்த நேரத்த யாரு குடுப்பாங்கன்னு பாத்து சேருங்க, மத்ததெல்லாம் அப்புறம்.

மாரண்டஹள்ளி_மாமன்:

ரொம்ப நன்றிங்கண்ணா. அட்வான்ஸ் கட்டல. எங்க அம்மா கேட்ட விஷயத்துக்கு யாராவது சொல்லுங்களேன், அத சரிக்கட்டாம வீட்டுல எதுவும் நகராது.

ஓசூர்_சிடி_ரூம்:

அண்ணா, நான் பி.எஸ்சி முடிச்சிட்டு ஓசூர்ல ஒரு தனியார் ஆஸ்பத்திரியில சிடி, எக்ஸ்ரே பாக்கறேன். சொந்த ஊரு காவேரிப்பட்டணம். எங்க பாட்டியும் இதே பாட்டுதான் பாடுச்சு, அதனால அம்மாவுக்கு நானே சொல்றேன்.

எக்ஸ்ரே எடுக்கறப்ப நாம மிஷின் பக்கத்துல நிக்கறது இல்லீங்க. ஈயத் தகடு வெச்ச சுவத்துக்குப் பின்னாடி கண்ணாடி வழியா பாத்துகிட்டு பட்டன அழுத்தறோம், பட்டன்ல இருந்து கைய எடுத்தா கதிரும் நின்னுரும், ரூம்ல எதுவும் தங்காது. இது பல பேருக்குத் தெரியாது, ரூம்குள்ள போனாலே கதிர் ஒட்டிக்கும்னு நினைக்கறாங்க. பேஷன்ட்ட புடிச்சிக்க வேண்டிய கட்டாயம் வந்தா நாம புடிக்க மாட்டோம், கூட வந்தவங்களுக்கு லெட் ஏப்ரன் (ஈயச் சட்டை) போட்டு புடிக்க சொல்லுவோம், கர்ப்பமா இருக்காங்களான்னு கேட்டுட்டு. வார்டுல போர்ட்டபிள் எடுக்கறப்ப மட்டும் ஏப்ரன் போட்டுகிட்டு ஒயர் நீட்ட தூரம் தள்ளி நிப்போம், தூரம் ரெண்டு மடங்கு ஆனா நம்ம மேல படறது கால்வாசி ஆயிடும்.

சட்டையில ஒரு டிஎல்டி பேட்ஜ் குத்தியிருப்போம், ஏப்ரன் போட்டா அதுக்கு உள்ள, நெஞ்சு கிட்ட. அதுக்குள்ள சின்னதா 3 டிஸ்க் இருக்கும், நாம வாங்கற கதிர் அதுல பதிவாகும், 3 மாசத்துக்கு ஒருக்கா லேபுக்குப் போய் ரீடிங் வரும். நம்ம நாட்டுல வேலை செய்யறவங்களுக்கு வரம்பு 5 வருஷ சராசரியா வருஷத்துக்கு 20 மில்லி சீவர்ட் (ஒடம்பு வாங்கற கதிர அளக்கற கணக்கு), எந்த ஒரு வருஷமும் 30ஐ தாண்டக் கூடாது. சும்மா வீட்டுல இருக்கற மனுஷனுக்கே மண்ணு, காத்து, வானத்துல இருந்து வர்றதுன்னு உலக சராசரி வருஷத்துக்கு 2.4 வருது. ஒழுங்கா சுவத்துக்குப் பின்னாடி நிக்கற டெக்னீஷியனுக்கு ரீடிங் வரம்புக்கு ரொம்ப ரொம்ப கீழதான் இருக்கும். கர்ப்பம்னு தெரிஞ்சா உடனே எழுத்துல சொல்லிடணும், அதுக்கப்புறம் வயித்துல இருக்கற கொழந்தைக்கு 1 மில்லி சீவர்ட்டுக்கு மேல போகாத மாதிரி வேலைய மாத்திக் குடுக்கணும், அது விதி. என் கூட வேலை பாக்கற அக்காவுக்கு ரெண்டு பசங்க, ரெண்டும் நல்லா இருக்கு, அம்மாகிட்ட இத சொல்லுங்க, மில்லி சீவர்ட்டு கணக்க விட இதுதான் எடுபடும்.

பயப்பட வேண்டிய எடம் வேற. பேட்ஜே குடுக்காம வேலை வாங்கற எடம், இல்ல ஒரே பேட்ஜ மாத்தி மாத்தி போட சொல்ற எடம், கதவு மூடாம எக்ஸ்போஸ் பண்ணுன்னு அவசரப்படுத்தற எடம், அங்கதான் ஒடம்பு கெடும். பாப்பாவுக்கு 18 ஆயிடுச்சா? 18 ஆகாதவங்கள ரேடியேஷன் வொர்க்கரா வேலைக்கு வெக்கவே கூடாது.

வேலை எப்படின்னா, செஸ்ட் எக்ஸ்ரே ஒண்ணு போதும் புரிஞ்சிக்க. பாக்க ரொம்ப ஈசி, பலகைய கட்டிப்புடிச்ச மாதிரி நிக்கணும், தாடைய தூக்கணும், தோள முன்னாடி தள்ளணும், அப்பதான் முதுகுல இருக்கற தோள்பட்ட எலும்பு நுரையீரல் மேல விழாது. ட்யூப் 180 சென்டிமீட்டர் தூரத்துல. மூச்ச நல்லா இழுத்து புடிங்கன்னு சொன்னா பாதி பேரு இழுத்துட்டு உடனே விட்டுருவாங்க, ஓசூர்ல இத தமிழ், தெலுங்கு, கன்னடம் மூணுலயும் சொல்லணும், ஹிந்தியும் சேத்துக்கோங்க, கம்பெனி ஆளுங்க வருவாங்க. வயசான அம்மாங்க தாலிய கழட்டவே மாட்டாங்க, செத்தாலும் கழட்ட மாட்டேன்னு நிப்பாங்க. சண்டை போட்டா வேலை நடக்காது. மஞ்சக் கயிறுன்னா தாலிய தூக்கி கழுத்துக்கு மேல தாடைக்குக் கீழ ஒதுக்கி ஒரு கையால புடிச்சிக்க சொல்லி, அப்புறம் தோள சரி பண்ணி எடுப்போம், கொண்ட ஊசி, தாயத்து, ஜாக்கெட் ஹூக்கு எல்லாம் பாக்கணும். ஹூக்கு ஒண்ணு நுரையீரல் மேல விழுந்துச்சுன்னா டாக்டர் திருப்பி எடுக்க சொல்லுவாரு, பேஷன்ட்டுக்கு ரெண்டாவது தடவ கதிர். இந்தப் பொறுமை பாப்பாவுக்கு இருக்கான்னு பாருங்க, மார்க்க விட அது முக்கியம்.

சம்பளத்துல கனவு காண வேணாம். பிரைவேட்ல ஆரம்பத்துல கையில வர்றது ஓசூர்ல ரூம் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் போக கொஞ்சம்தான் மிஞ்சும், நைட் ட்யூட்டி கண்டிப்பா உண்டு. சிடி, எம்ஆர்ஐ கைவசம் வந்தப்புறம்தான் கேட்டு வாங்க முடியும்.

கல்குவாரி_கலாட்டா:

எதுக்கு இவ்ளோ கஷ்டம், இன்னும் அஞ்சு வருஷத்துல எல்லாத்தையும் ஏஐ பாத்துக்கும், டெக்னீஷியன் எல்லாம் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். கம்ப்யூட்டர் சயின்ஸ் சேத்து விடுங்க.

ஓசூர்_சிடி_ரூம்:

படத்த படிக்கறதுக்கு ஏஐ வருது அண்ணா, டிபி இருக்கான்னு செஸ்ட் படத்துல பாக்கறதெல்லாம் வந்தாச்சு. தாலிய தூக்கிப் புடிங்கம்மான்னு சொல்லவும், குடிச்சிட்டு வண்டியில விழுந்தவன ராத்திரி ரெண்டு மணிக்கு சமாதானம் பண்ணி கால நேரா வெக்கவும் ஏஐ எப்ப வருதுன்னு சொல்லுங்க, அன்னைக்கு நானே லீவு போட்டுட்டு தூங்கறேன்.

பர்கூர்_டு_டல்லஸ்:

மாமா, அமெரிக்கா கம்யூனிட்டி காலேஜ்னு பாத்ததும் எழுதறேன். எனக்கு பர்கூர், கல்யாணம் ஆகி டெக்சாஸ் வந்து இப்போ இங்க கம்யூனிட்டி காலேஜ்ல இதே படிப்பு ரெண்டாவது வருஷம் படிக்கறேன். மச்சான் ஒரு வருஷம்தான் கம்மின்னு சொன்னாரு பாருங்க, அதுக்கு பதில் சொல்லணும்.

இங்க கம்யூனிட்டி காலேஜ்ங்கறது கவர்மென்ட் பணத்துல ஓடற ரெண்டு வருஷ காலேஜ், அந்தந்த கவுன்ட்டி ஆளுங்களுக்கு பீஸ் கம்மி. ஆனா இந்தக் கோர்ஸுக்கு நேரா உள்ள விட மாட்டாங்க. மொதல்ல அனாட்டமி ஃபிசியாலஜி, கணக்கு, இங்கிலீஷ் பேப்பர் எல்லாம் முடிச்சு அந்த மார்க்க வெச்சு தனியா அப்ளை பண்ணணும், எங்க பேட்ச்ல சீட்டுக்கு நல்ல போட்டி. அப்புறம்தான் அந்த ரெண்டு வருஷம் ஆரம்பிக்கும். அதனால பேருக்குத்தான் ரெண்டு வருஷம், பல பேருக்கு மூணு ஆகுது. 2015ல இருந்து குறைஞ்சபட்சம் அசோசியேட் டிகிரி (ரெண்டு வருஷ டிகிரி) இல்லாம ஏஆர்ஆர்டி, அதாவது எக்ஸ்ரே டெக்னாலஜிஸ்ட்டுக்கு இங்க சர்டிஃபிகேட் குடுக்கற அமைப்போட பரிட்சை எழுத முடியாது.

வாரத்துல பாதி நாள் கிளாஸ், பாதி நாள் ஆஸ்பத்திரி. ரெண்டும் சேத்து வாரத்துக்கு 40 மணி நேரத்த தாண்டக் கூடாதுன்னு காலேஜுக்கு அங்கீகாரம் குடுக்கற ஜேஆர்சிஇஆர்டி விதி வெச்சிருக்கு, மாணவர சும்மா வேலை வாங்கக் கூடாதுன்னுதான். ஆஸ்பத்திரியில சம்பளம் கெடையாது. ஒவ்வொரு எக்ஸ்ரேயும் நாம கையால எடுத்துக் காட்டி டெக்னாலஜிஸ்ட் கையெழுத்து வாங்கணும், செஸ்ட், கை, மணிக்கட்டு, முட்டி, இடுப்பு, கழுத்து எலும்புன்னு கட்டாய லிஸ்டே 35க்கு மேல, அது போக விருப்ப லிஸ்ட்ல இருந்து 15. ஒரு படம் சரியா வரலன்னு திருப்பி எடுக்கணும்னா டெக்னாலஜிஸ்ட் பக்கத்துல நிக்காம மாணவர் எடுக்கவே கூடாது, எத்தனாவது வருஷம் படிச்சாலும் சரி. நோயாளிக்கு ரெண்டாவது தடவ கதிர் போகுதுல்ல அதனால. எல்லாம் முடிஞ்சாதான் பரிட்சை, மார்க்கு போடற கேள்வி 200, ஸ்கேல்ல 75 எடுத்தா பாஸ், 3 வருஷத்துல 3 தடவதான் எழுதலாம், மூணும் போச்சுன்னா மறுபடி காலேஜ்தான். பாஸ் ஆனாலும் ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா 24 க்ரெடிட் படிச்சு காட்டிகிட்டே இருக்கணும்.

அதனால நீங்க அந்த தர்மபுரி இன்ஸ்டிடியூட்ல கேக்க வேண்டியது எத்தன வருஷம்னு இல்ல. எந்த ஆஸ்பத்திரியில ட்ரெய்னிங், அந்த ஆஸ்பத்திரியோட எழுத்துல ஒப்பந்தம் இருக்கா, அங்க எக்ஸ்ரே சிடி ரெண்டும் இருக்கா, புள்ளைங்க கையால படம் எடுத்ததுக்கு லாக் புக் இருக்கா, அதுல யாரு கையெழுத்து போடறாங்க. இதக் கேட்டா தெரிஞ்சிரும்.

ஒரு விஷயம், ஊர்ல படிச்சிட்டு அப்படியே இங்க வந்து பரிட்சை எழுதிடலாம்னு யாராவது ஏஜென்ட் சொன்னா நம்பாதீங்க. ஏஆர்ஆர்டி ஏத்துகிட்ட காலேஜ்ல படிச்சிருக்கணும், அதனாலதான் ஊர்ல சிடி பாத்துட்டு இருந்த எனக்கே இங்க மறுபடியும் மொதல்ல இருந்து. என் புருஷன் இன்னும் கிண்டல் பண்றாரு. துபாய், கத்தார் பக்கம் வேற கதை, அங்க நம்ம ஊர் டிகிரி செல்லும், ஆனா டேட்டாஃப்ளோன்னு சர்டிஃபிகேட் சரிபாக்கறவங்க சர்டிஃபிகேட் குடுத்த எடத்துக்கே கேட்டு அனுப்புவாங்க. அந்த மாதிரி இன்ஸ்டிடியூட் அதுக்குள்ள பேர மாத்திகிட்டு போயிருந்தா பதில் யாரு சொல்றது.

மாரண்டஹள்ளி_மாமன்:

டல்லஸ் தங்கச்சி சொன்ன கேள்விய அப்படியே அந்த இன்ஸ்டிடியூட்டுக்கு ஃபோன் போட்டுக் கேட்டேன். எந்த ஆஸ்பத்திரின்னா அது சேந்தப்புறம் சொல்லுவோம்ங்கறாங்க. லாக் புக்குன்னா என்னன்னு என்னையே திருப்பிக் கேக்குது அந்தம்மா. அப்புறம் ஒண்ணு சொன்னாங்க, இந்தக் கோர்ஸ்லயே அல்ட்ராசவுண்ட் ஸ்கேனும் கத்துக் குடுப்போம், முடிச்சிட்டு பென்னாகரம் அரூர் பக்கம் சொந்தமா ஒரு மிஷின் வாங்கிப் போட்டா மாசம் லட்ச ரூபா சம்பாதிக்கலாம், இப்ப கையில எடுத்துட்டுப் போற மாதிரியே மிஷின் வந்துருச்சுன்னு. இது நெஜமாங்கண்ணா?

டார்க்ரூம்_காலத்து_ஆளு:

தம்பி, இத சொன்னாங்கன்னா அந்த வாசப்படிய இனிமே மிதிக்காதீங்க.

கர்ப்பிணிக்கு ஸ்கேன் பாக்கறது பதிவு பண்ணின டாக்டர் வேலை, அதுக்கும் தனிப் பயிற்சி வேணும், சென்டரும் மிஷினும் மாவட்டத்துல பதிவாகி இருக்கணும், ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் ஸ்கேன் விவரத்த எழுதற எஃப் ஃபாரம் நிரப்பணும். 1994ல வந்த சட்டம். உள்ள என்ன கொழந்தன்னு வாயால சொன்னாலும் சைகையால சொன்னாலும் குத்தம், மொத தடவைக்கே 3 வருஷம் வரைக்கும் ஜெயில், 10,000 ரூபா வரைக்கும் அபராதம். அடுத்த தடவ மாட்டுனா 5 வருஷம் வரைக்கும். நம்ம மாவட்டத்துக்கு இந்த விஷயத்துல இருக்கற பேரு உங்களுக்குத் தெரியாததா. பொட்டப் புள்ளன்னா வேணாம்னு எருக்கம்பால் ஊத்துன காலம் போய், தொட்டில் கொழந்த திட்டம் வந்து, இப்பவும் தோட்டத்து வீட்டுக்குள்ள போர்ட்டபிள் மிஷின வெச்சு பாத்துச் சொன்ன கும்பல புடிச்சாங்கன்னு பேப்பர்ல வந்துகிட்டேதான் இருக்கு. அந்த மாதிரி புரோக்கருங்க தேடறதே மிஷின் புடிக்கத் தெரிஞ்ச, நல்ல வேலை கெடைக்காத ஆளத்தான். அரைகுறையா படிச்சிட்டு வேலையில்லாம நிக்கற புள்ளைங்கதான் மொதல்ல சிக்கும். உங்க அக்கா பொண்ணு கிட்ட இத இப்பவே சொல்லி வைங்க, படிக்கறப்பவே யாராவது வந்து பேசுவான்.

நம்ம வேலை எக்ஸ்ரே, சிடி, எம்ஆர்ஐ, மேமோகிராம். அதுலயே ஒரு ஆயுசுக்கு கத்துக்க இருக்கு. எம்ஆர்ஐயில கதிரே கெடையாது, காந்தம், ஆனா அந்தக் காந்தம் ராத்திரி பகல் எந்நேரமும் ஆன்லதான் இருக்கும், கரன்ட் போனாலும் இருக்கும், ஆக்சிஜன் சிலிண்டர உருட்டிகிட்டு உள்ள போனா சிலிண்டர் பறந்து போய் ஒட்டிக்கும், நடுவுல ஆளு இருந்தா ஆளோட. வார்டு பாய், நர்ஸ், சொந்தக்காரங்க யாரு ஓடி வந்தாலும் வாசல்ல நிறுத்தறது டெக்னீஷியன்தான்.

இப்ப வேலையப் பாருங்க. 480 மார்க்குக்கு பி.எஸ்சி கவர்மென்ட் சீட்டு எந்த கம்யூனிட்டில எவ்ளோ கட் ஆஃப்ல நிக்குதுன்னு போன வருஷ அலாட்மென்ட் லிஸ்ட் சைட்லயே கெடக்கும், எடுத்துப் பாருங்க. வரலன்னா 2 வருஷ டிப்ளமோ, அது குறைச்சல்னு நினைக்காதீங்க, நானே அந்த வழியில வந்தவன்தான், அப்ப கோர்ஸுக்கு பேரு வேற. மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ்ல பர்னார்ட் இன்ஸ்டிடியூட்னு 1934ல இருந்து இதுக்குன்னே ஒரு எடம் இருக்கு, அங்க கெடைச்சா தூரம்னு பாக்காம அனுப்புங்க, அவ்ளோ கேஸ் வேற எங்கயும் பாக்க முடியாது. வேலூர் சிஎம்சியிலயும் இந்தப் படிப்பு இருக்கு, அதுக்கு அப்ளிகேஷன் தனி. தனியார் காலேஜ்தான்னு முடிவானா எம்.ஜி.ஆர் யுனிவர்சிட்டி லிஸ்ட்ல இந்தக் கோர்ஸுக்கே அனுமதி இருக்கான்னு பாருங்க, காலேஜ் பேரு மட்டும் இருந்தா பத்தாது. 6ல இருந்து 12 வரைக்கும் கவர்மென்ட் ஸ்கூல்னா புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1,000 ரூபா வரும், காலேஜ்ல சேந்ததும் அங்கயே விண்ணப்பிக்க சொல்லுங்க.

சாதிச் சான்று, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று இப்பவே இ-சேவையில போட்டுருங்க, கவுன்சிலிங் நெருங்குனா தாசில்தார் ஆபீஸ்ல கூட்டம் தாங்காது. டி.சி ஒரிஜினல எந்த இன்ஸ்டிடியூட்காரனுக்கும் குடுத்து வெக்காதீங்க, வாங்கி வெச்சுகிட்டா திருப்பி வாங்கறதுக்குள்ள கவுன்சிலிங் முடிஞ்சிரும்.

மாரண்டஹள்ளி_மாமன்:

டி.சி நல்ல வேளையா எங்க கிட்டதாங்கண்ணா இருக்கு. அம்மாவுக்கு ஓசூர் தங்கச்சி எழுதுனத படிச்சுக் காட்டுனேன், அந்த ரெண்டு புள்ளைங்க கதைக்கு கொஞ்சம் எறங்கி வந்துருக்கு, ஆனா ஈயச் சட்டை எத்தன கிலோ இருக்கும், புள்ள எப்படி சொமக்கும்னு அடுத்தது ஆரம்பிச்சிருச்சு.

ஓசூர்_சிடி_ரூம்:

முழுசா மாட்டுனா ஒரு பெரிய தண்ணிக் கொடத்தோட பாதி கனம்கூட வராதுங்கண்ணா. நாள் பூரா மாட்டிகிட்டு திரியறதும் இல்ல, போர்ட்டபிளுக்கும் தியேட்டருக்கும் போறப்ப மட்டும்தான். கழட்டுனா மடிச்சு வெக்காம ஹேங்கர்ல மாட்டணும், மடிச்சா உள்ள ஈயம் வெடிப்பு விட்டுரும்.

மாரண்டஹள்ளி_மாமன்:

சரிம்மா. நாளைக்கு காலைல இ-சேவைக்குப் போறோம்.